பழைய என்ஜின் பழைய இரும்பல்ல!

சென்ற வாரம் கலசப்பாக்கத்தில் தெருமுனைக் கூட்டம் முடிந்ததும், ஐ.டி.ஐ. படித்த வாலிபர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்:

"அண்ணே, நான் டீசல் மெக்கானிக் படிச்சேன். இனிமே எல்லாம் கரண்டு ரெயிலுதான், டீசல் என்ஜினை எடைக்குப் போடப் போறாங்கன்னு சொல்றாங்க. என் படிப்பையும் எடைக்குத்தான் போடணுமா?"

பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் ஒருவர் சிரித்தார். "பழசைக் கட்டிக்கிட்டு அழுதா நாடு எப்படிப்பா முன்னேறும்?" என்றார்.

வாலிபரின் கேள்விக்கும் பெரிய மனிதரின் சிரிப்புக்கும் பதில் சொல்வது நமது கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நாம் மின்சார ரெயிலுக்கு விரோதிகள் அல்ல. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய மின்சார ரெயில், 2024 மே மாதத்தில் போளூர் வழியாகத் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. வேலை தேடிப் போகும் ஏழை ஜனங்களுக்கு அது நன்மை. அன்னிய எண்ணெய்க்குக் கொட்டும் பணம் மிச்சமாவதும் நன்மையே. நமது கேள்வி வேறு. மக்கள் பணத்தில் வாங்கிய, தொழிலாளியின் கைகளால் காப்பாற்றப்பட்ட பழைய என்ஜின்களை என்ன செய்வது? அந்தக் கைகளை என்ன செய்வது?

துருத்தியும் டர்போவும்

கொல்லன் உலையைப் பாருங்கள். துருத்தி ஊதினால்தான் நெருப்பு சீறும். டீசல் என்ஜினும் அப்படித்தான். உள்ளே காற்று அதிகம் போனால்தான் அதிக டீசலை எரித்து அதிக சக்தி பெற முடியும்.

டர்போ என்பது ஒரு துருத்தி. வெளியே போகும் புகையின் வேகமே அதன் சக்கரத்தைச் சுழற்றும். அது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். வீணாகும் புகையிலிருந்து சக்தி கிடைக்கிறது. எனவே என்ஜினுக்கு பலம் கூடுகிறது, டீசலும் மிச்சம். ஆனால் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று, கடும் சூடு. நுட்பமான சாமான், கெட்டுப் போனால் செலவும் அதிகம்.

டர்போ இல்லாத பழைய என்ஜின்களில் ஒரு வகை உண்டு. என்ஜினே தன் பல்சக்கரங்களால் ஓர் ஊதியை ஓட்டிக் காற்றைத் தள்ளிக்கொள்ளும். சக்தி கொஞ்சம் குறைவு. டீசல் கொஞ்சம் கூடுதல். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அமைப்பு எளிது. நமது கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் என்ஜினுக்கு டர்போ ஏது? உள்ளூர் மெக்கானிக் பிரித்துப் பரப்பி, தேய்ந்ததை மாற்றி, பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இறைக்க வைத்துவிடுவாரே!

ஸ்டேஷன் யார்டில் நாலு வண்டியை இழுத்து, பாதி நேரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் ஷண்டிங் என்ஜினில் புகையின் வேகம் குறைவு. அங்கே டர்போவுக்கு வேலையும் குறைவு. ஆகவே எந்த வேலைக்கு எந்த என்ஜின் என்பதுதான் கேள்வி. "பழசா, புதுசா?" என்று கேட்பது வியாபாரியின் கேள்வி.

கடலுக்கு அப்பால் ஒரு சாட்சி

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. இலங்கையைப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து அங்கே டீசல் என்ஜின்கள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. எம்-2 என்று பெயர். 12 சிலிண்டர், 1,425 குதிரைச் சக்தி, டர்போ கிடையாது. ஓடும் பாதையும் நமது அகலப் பாதையின் அளவுதான். நம் மலையகச் சகோதரர்கள் தேயிலை பறித்த மலைகளிலும் இவை வண்டி இழுத்தன. எழுபது ஆண்டு கடந்தும் இந்த இனத்து என்ஜின்கள் சில ஓடுகின்றன!

அவற்றில் ஒன்று 591-ஆம் நம்பர் என்ஜின். கனடாவின் ஒரு மாகாணப் பெயரைச் சூட்டி 'மனிடோபா' என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலி ரஸ்தாவில் பெரலிய என்ற இடத்தில் சுனாமி அடித்துப் புரட்டிய ரெயிலை இழுத்து வந்தது இதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அந்த ரெயிலில் மாண்டார்கள். கடல் புரட்டிப் போட்ட என்ஜினை "இரும்பு விலைக்குப் போடு" என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? இலங்கை ரெயில்வே தொழிலாளர்கள் அதைத் தூக்கி வந்து, செப்பனிட்டு, பக்கங்களில் கடல் அலையைத் தீட்டி, மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மாண்டவர்களின் நினைவு நாளில் ரெயிலை இழுத்துச் சென்றதும் அதே என்ஜின்தான்.

கொடுத்தது கனடா. வாழ வைத்தது தொழிலாளி!

"அது ஏழை நாடு, வேறு வழியில்லை" என்பார் நமது பெரிய மனிதர். அப்படியானால் பணக்கார அமெரிக்காவுக்கே போவோம். டெக்ஸாஸ் மாகாணத்தில் கிளீபர்ன் என்ற ஊர். அங்கே சாண்டா பே ரெயில் கம்பெனியின் பட்டறை 1970 முதல் 1978 வரை 233 பழைய டீசல் என்ஜின்களைப் பிரித்து, உடம்பை மாற்றிப் புதிதாகக் கட்டியது. அவையும் டர்போ இல்லாதவையே. லாபத்தைத் தவிர வேறு தெய்வம் அறியாத முதலாளியே பழசைத் தூக்கி எறியவில்லை. நமது சர்க்காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

யார் கஜானா நிறைய?

நமது நாட்டுக் கதையைக் கேளுங்கள். ஆல்கோ இன டீசல் என்ஜினை 1964 முதல் வாரணாசியில் நாமே கட்டினோம். அவற்றுக்கு டர்போ உண்டு. அமெரிக்க ஆல்கோ கம்பெனி 1969-இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் நமது தொழிலாளி அந்த என்ஜினைக் கைவிடவில்லை. பாட்டியாலாப் பட்டறையில் 2,600 குதிரைச் சக்தி என்ஜினை 3,100 ஆக உயர்த்தித் திருப்பிக் கட்டினார்கள். வாரணாசியில் இரண்டு பழைய டீசல் என்ஜின்களை 10,000 குதிரைச் சக்தி கொண்ட மின்சார ஜோடி என்ஜினாக 69 நாளில் மாற்றிக் காட்டினார்கள். 2019 பிப்ரவரியில் பிரதம மந்திரியே கொடி அசைத்து அதை அனுப்பி வைத்தார்.

கொடி அசைத்த அதே சர்க்கார் செய்த காரியம் என்ன? 2015 நவம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு 1,000 புதிய டீசல் என்ஜின்களுக்கு ஒப்பந்தம்! மூன்று வருஷம் கழியவில்லை. 2018 செப்டம்பரில் எல்லா அகலப் பாதைகளையும் மின்மயமாக்க மந்திரிசபை முடிவு! ஒரு கையால் மின்கம்பி இழுப்பது, மறு கையால் அன்னிய ஏகபோகத்திடம் டீசல் என்ஜின் வாங்குவது. இடையில் 2017-இல் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வதாக ஒரு பேச்சு எழுந்தது. பேச்சு பேச்சாகவே நின்றது.

சொந்தப் பட்டறையில் திருப்பிக் கட்டினால் கூலி தொழிலாளிக்குப் போகும். புதுசு வாங்கினால் லாபம் கம்பெனிக்குப் போகும். "பழசு பழசு" என்ற கூச்சலின் ரகசியம் இதுதான்!

பொன்மலை சொல்லும் பாடம்

திருச்சி பொன்மலைப் பட்டறை நமக்கு வெறும் கட்டடம் அல்ல. 1928-இல் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தென்னிந்திய ரெயில்வே வேலைநிறுத்தத்தில் தோழர் சிங்காரவேலர் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் மாண்டார்கள். அந்தப் பட்டறைதான் பிற்காலத்தில் நீலகிரி மலை ரெயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து காட்டியது. நூறு வருஷத்துப் பழைய வித்தை அந்தக் கைகளில் உயிரோடு இருக்கிறது. அந்தக் கைகள் ஓய்வு பெற்றுப் போனால், அதைக் கற்றுக்கொள்ள வாலிபன் வேண்டாமா?

எங்கள் ஜவ்வாது மலையடிவாரத்தில் வேலை என்ற சொல்லின் விலை என்ன தெரியுமா? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 தமிழ்நாட்டுக் கூலி ஆட்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் இந்த மலையையும் இதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஊரில் வேலை இருந்தால் அவன் ஏன் அன்னியக் காட்டுக்குப் போகிறான்? பட்டறை வாசல் மூடினால் காட்டு வாசல் திறக்கும் என்பதை மந்திரிகள் அறிய மாட்டார்கள். நாம் அறிவோம்.

எனவே நமது கோரிக்கைகள்:

ஒன்று: ஓடத் தகுதியுள்ள எந்த டீசல் என்ஜினையும், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இடம்பெறும் கமிட்டி பரிசீலிக்காமல் எடைக்குப் போடக் கூடாது.

இரண்டு: ஷண்டிங்குக்கும், விபத்து மீட்பு வண்டிக்கும், புயலில் மின்கம்பி அறுந்தால் ஓட வேண்டிய வண்டிக்கும் ஏற்றபடி பழைய என்ஜின்களை எளிய முறையில் திருப்பிக் கட்ட வேண்டும். டர்போ வேண்டுமா, வேண்டாமா என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். கமிஷனைப் பார்த்து அல்ல.

மூன்று: அந்த வேலை பொன்மலை போன்ற ரெயில்வேயின் சொந்தப் பட்டறைகளிலேயே நடக்க வேண்டும். காண்ட்ராக்ட் கூடாது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்து நிரந்தரமாக்க வேண்டும்.

ஆலைத் தோழரே! நாளை உமது தறியையும் "பழசு" என்பான். வயலில் உழைக்கும் தோழரே! நடவு மெஷினைக் காட்டி உம்மையே "பழசு" என்பான். இன்று என்ஜினைக் காப்பாற்றும் போராட்டம் நாளை நம்மைக் காப்பாற்றும் போராட்டம்.

கேள்வி கேட்ட அந்தக் கலசப்பாக்கத்து வாலிபருக்கு நமது பதில் இதுதான்: தம்பி, எடைக்குப் போட வேண்டியது உன் படிப்பை அல்ல, உன்னை வேலையில்லாமல் நிறுத்தும் இந்த ஏற்பாட்டை!