மேகம் மட்டும்தான் தெரியுதா சாமீ?

ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், நம்ம மக்கள் கேமராவைத் தூக்கிக்கிட்டு ரமணாசிரமம் பக்கம் கிளம்பிடறாங்க. கேட்டா, "மழையிலதான் கிரியேட்டிவிட்டி பொங்குது பாஸ்" என்று பதில் வருது. பொங்கட்டும், யார் வேண்டாங்கறா? ஆனா பொங்கி வர்றது என்ன? தலையில மேகம் சுத்தின அருணாசலம். செங்கம் ரோட்டுல குடை பிடிச்ச காவி வேட்டி சாமியார். ஆசிரமத்து ஈரத் தரையில ஒரு மயில். பத்து பேர் போனாலும் இதே மூணு படம். ஒரே புரோகிராமை பத்து மெஷின்ல ஓட்டின மாதிரி. இதுக்குப் பேரு இன்ஸ்பிரேஷனாம்!

மழைநாள் வெளிச்சம் சோம்பேறிக்குக் கிடைச்ச வரம். வானமே வெள்ளைத் துணி கட்டின பெரிய லைட் ஆயிடும். முகத்துல முரட்டு நிழல் விழாது. பின்னாடி இருக்கற கரண்டு கம்பி, லாட்ஜ் போர்டு எல்லாத்தையும் மூட்டம் மறைச்சிடும். ஷட்டரை 1/30 வச்சா மழை கோடாத் தெரியும், 1/1000 வச்சா துளி. அவ்ளோதான் மேட்டர். வேலை பார்க்கறது வானம், பேரு மட்டும் நமக்கு.

இதே ஆசிரமத்துல எடுத்து, உலகம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கற படங்கள் எது? 1946ல வெல்லிங் எடுத்த ரமணர் முகம். 1950 ஏப்ரல்ல, ரமணரோட கடைசி நாட்கள்ல, கார்த்தியே-பிரெஸ்ஸான் எடுத்தது. திருவண்ணாமலை ஏப்ரல் வெயில் எப்படின்னு தெரியும்ல?

இன்னொண்ணும் சொல்றேன். இந்திய மழைன்னா வெள்ளைக்காரனுக்கு ஞாபகம் வர்ற படம், பிரையன் பிரேக் 1960ல எடுத்த 'மான்சூன் கேர்ள்'. முகமெல்லாம் மழைத்துளியா ஒரு சின்னப்பொண்ணு (நடிகை அபர்ணா சென்தான் அது). அந்த மழை மழையே இல்லை. மொட்டைமாடியில நிக்க வச்சு, பூவாளியில ஊத்தின தண்ணி!

ஆக, அழகுக்கு வேணுங்கற மழையை வாளியில மொண்டுக்கலாம். மொண்டுக்க முடியாத மழை வேற. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் சாயங்காலம் இதே மலை அடிவாரத்துல, வ.உ.சி. நகர்ல, மண்ணும் பாறையும் சரிஞ்சு வீட்டு மேல விழுந்தது. ஏழு பேர் செத்துப்போனாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடலை. அதுக்கப்புறமும் மேகம், குடை, மயில். 'மோன மழை'ன்னு தலைப்பு வேற.

பொணத்தைப் படம் எடுக்கச் சொல்லலை. அது வேற வியாதி. மலையிலேருந்து தண்ணி எந்த வழியா இறங்குது, அந்த வழியில என்ன கட்டியிருக்காங்க, பாலி தீர்த்தத்துல எந்தப் படி வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில கடை போட்டவங்க சாரல் அடிச்சா சரக்கை எங்க ஒதுக்கறாங்க... இதெல்லாமும் மழைதானே?

"நான் கலைஞன், ரிப்போர்ட்டர் இல்லை" என்பார்கள். ரொம்ப சரி. அப்ப மழைன்னு தலைப்பு போடாதீங்க, மேகம்னு போடுங்க. இல்லை, மழையைத்தான் எடுப்பேன்னா, அடிவாரத்துல ஏதாவது ஒரு தெருமுனையைப் பிடிச்சுக்கிட்டு ஐப்பசிக்கு ஐப்பசி அங்கேயே போய் நில்லுங்க, ஒரு அஞ்சு வருஷம். குடைச் சாமியார் எங்கயும் போயிடமாட்டார்.