வயலுக்கு வரவேண்டிய பல்கலைக்கழகம்

ஒரு கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்துவதற்குச் சட்டம் நெடுங்காலம் கேட்பதில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளையொன்று வர்த்தமானியில் வெளிவந்தால் போதும். 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளவில் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, ஏழு மாதங்கள் நிறையுமுன்னரே, 1996 மே 15ஆம் திகதி, இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வர்த்தமானி தன் வேலையை முடித்துவிட்டது. மக்கள் செய்யவேண்டிய வேலை இன்னும் முடியவில்லை.

அந்நிறுவனம் பிறந்த காலத்தை நாம் மறத்தல் ஆகாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இரத்தம் சிந்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், வந்தாறுமூலையில் 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும், முஸ்லிம் மாணவன் அஞ்சாது சென்று கற்கக்கூடிய இடங்களாக இருக்கவில்லை. 1994இல் அமைச்சரான கல்முனையின் வழக்கறிஞர் எம். எச். எம். அஷ்ரப் இக்குறையைத் தம் அரசியல் வலிமை முழுவதையும் கொண்டு தீர்க்க முனைந்தார். இஃது ஓர் இனத்துக்கான பல்கலைக்கழகம் என்று அன்று குறை கூறினோர் பலர். மாணவரைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே என்பதால், இன்று அங்கே முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் அருகருகே அமர்ந்து கற்கின்றனர். காலமே அக்குறைக்குத் தக்க பதிலை அளித்துவிட்டது.

வளர்ச்சியும் கண்கூடு. கலை கலாசாரம், முகாமைத்துவ வர்த்தகம் ஆகிய இரண்டு பீடங்களோடு தொடங்கியது. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் எழுந்தது. 2005இல் இஸ்லாமிய கற்கைகள் அரபுமொழிப் பீடமும், அதன்பின் பொறியியல், தொழில்நுட்பவியல் பீடங்களும் சேர்ந்தன. குவைத் நிதியத்தின் உதவியோடு ஒலுவிலில் பெரும் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இவற்றை எண்ணி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் அக்கட்டடங்களின் நிழல் விழும் வட்டையில் நிற்கும் உழவனிடம் கேட்டுப் பாருங்கள்: இப்பல்கலைக்கழகம் உனக்கு என்ன தந்தது? "என் மகனுக்குப் பட்டம் தந்தது" என்பான். அந்த மகன் எங்கே என்று கேட்டால், அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறான் என்பான். உழவனின் பிள்ளையை வயலிலிருந்து வெளியே அழைத்துச் செல்லும் வழி திறந்துவிட்டது; கற்ற அறிவு வயலுக்குத் திரும்பிவரும் வழி இன்னும் திறக்கவில்லை. இதுவே நம் குறை.

இக்கரையோரம் கேட்கும் கேள்விகள் சிறியவையல்ல. கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பிச் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகள் விளைகின்றன. உரத்தின் விலை ஏற, வாய்க்காலின் கடைக்கோடிக்கு நீர் வராதுபோக, கடலோரத்து நிலத்தில் உவர் ஏற, உழவன் தனியே தவிக்கிறான். 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகரும் மணலை மறித்தன. துறைமுகத்தின் வாயில் மணல் தேங்கியது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன, கரைவலை இழுப்போர் வள்ளம் ஏற்றும் இடத்தை இழந்தனர். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை நீர் அடித்துச் சென்றது. வீடு திரும்ப வேண்டிய சிறுவர் பலர் ஜனாஸாக்களாகத் திரும்பினர். நிலம், கடல், வெள்ளம் ஆகிய இம்மூன்றையும் ஆராய்ந்து விடை கூறும் கடமை, இம்மூன்றுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அல்லாமல் வேறு யாருக்கு உண்டு?

ஏரையும் ஏட்டையும் இணைப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1942இல் உலக யுத்தத்தால் உணவு அருகியபோது, நெல் விளைச்சலைப் பெருக்குவதற்கென உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். புதிய வயல்நிலங்களைத் திறக்க உழைத்த அதே மனிதர், அதே காலத்தில் கல்முனையில் கல்விச் சங்கம் அமைத்தார். 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தோற்றுவித்தார். பிற நாட்டு வரலாறும் இதனையே கூறும். 1862இல் உள்நாட்டுப் போரின் நடுவிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமொன்றை இயற்றி, விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. 1914இல் இயற்றிய மற்றொரு சட்டத்தால் அக்கல்லூரிகளின் அறிவைப் பண்ணைவீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. அக்கல்லூரிகளுட் பல இன்று உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள். போரின் நடுவே பிறந்த நமது பல்கலைக்கழகத்துக்கும் அவ்வழி அடைபட்டதன்று.

பல்கலைக்கழகம் சுதந்திரமாக இயங்க வேண்டும். அரசியல்வாதியும் ஊர்ப் பெரியவரும் அதன் ஆராய்ச்சியில் தலையிடலாகாது என்பர். முற்றிலும் உண்மை. சிற்றூழியர் நியமனப் பட்டியலோடு உபவேந்தரின் வாசலில் நிற்கும் அரசியலை நாமும் வெறுக்கிறோம். ஆனால் சுதந்திரம் என்பது அயலவனின் துயரைக் காணாதிருக்கும் உரிமையன்று.

எனவே நாம் கோருவன மூன்று. முதலாவது, பேரவை பற்றியது. கல்வி, தொழில்வாண்மை, வணிகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவையாற்றியோரை ஆணைக்குழு பேரவைக்கு நியமிக்கலாம் என்கிறது சட்டம். உழவும் மீன்பிடியும் அவ்வரிசையில் பெயர் சொல்லப்படவில்லை. எனினும் ஆயிரக்கணக்கான ஏக்கரின் நீர்ப் பங்கீட்டை ஆண்டுக்கணக்கில் வழக்கின்றி நடத்திய விவசாய அமைப்புத் தலைவரை நிர்வாகம் என்ற சொல்லுக்குள் அடக்கச் சட்டம் தடை சொல்லாது. அத்தகையோர் பேரவையில் அமரட்டும். இரண்டாவது, பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் கூடும் ஆரம்பக் கூட்டங்களில், வட்டவிதானைமாரின் அருகே பல்கலைக்கழகத்தின் அறிஞரும் அமர்ந்து, அவ்வாண்டு கண்ட ஆராய்ச்சி முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் உழவர் விளங்கும்படி எடுத்துரைக்கட்டும். மூன்றாவது, தொழில்நுட்பவியல் பீடத்தில் இன்றுள்ள உயிர்முறைமைத் தொழில்நுட்பக் கல்வியோடு நின்றுவிடாது, நெல்லுக்கும் கரையோரத்துக்குமென நிலையான ஆய்வுக்கூடமொன்றை அமைக்க அரசாங்கம் நிதி ஒதுக்கட்டும்.

இவற்றைப் பல்கலைக்கழகம் தானே செய்யும் என்று காத்திருத்தல் பேதைமை. வழக்கறிஞரும் வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும், உழவரோடும் மீனவரோடும் ஒரே மேசையில் அமர்ந்து இக்கோரிக்கைகளை எழுதிப் பேரவையிடமும் ஆணைக்குழுவிடமும் நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளிடமும் கையளிக்க வேண்டும். அடுத்த பெரும்போகத்து ஆரம்பக் கூட்டம் கூடுமுன் அது நடைபெறட்டும். தமிழ் பேசும் மக்கள் போரின் நடுவே ஒரு பல்கலைக்கழகத்தைப் பெற்றனர். அமைதியின் நடுவே அதனைத் தமதாக்கிக்கொள்ளட்டும்.