கையேந்தி பவனைத் திட்டுறதுக்கு முன்னாடி

1/ சென்னையில எப்ப உணவுத் திருவிழா நடந்தாலும் டைம்லைன்ல ஒரு போஸ்ட் கண்டிப்பா வந்துடும். "பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு! நம்ம ரோட்டுக் கடைக்காரங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி வரமாட்டேங்குது?" அதை டாக்டர்களே ஷேர் பண்றாங்க. அதனாலதான் இந்த திரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ 2022 ஆகஸ்ட்ல தீவுத்திடல்ல மூணு நாள் நடந்த சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா ஞாபகம் இருக்கா? பீஃப் பிரியாணி ஸ்டால் ஏன் இல்லைன்னு கேள்வி எழுந்துச்சு. நியாயமான கேள்வி. நான் இன்னொண்ணு கேக்குறேன். மூணு நாளைக்குத் தண்ணி, லைட், குப்பைத்தொட்டி ஏற்பாடு பண்ண முடியுதுன்னா, மிச்ச 362 நாளைக்கு ஏன் முடியல?

3/ பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டிருப்பீங்க. 1962-ல அங்க ராணுவ ஆட்சி வந்த பிறகு ஊர் திரும்பின தமிழர்கள் கையோட கொண்டுவந்த சாப்பாடு அது. அரை நூற்றாண்டுக்கு மேல இந்த நகரம் ரசிச்சு சாப்பிடுது. அடுத்த தடவை போனா, சோப்பு போட்டுக் கை கழுவ அந்த பிளாட்பாரத்துல ஒரு பொதுக்குழாய் இருக்கான்னு தேடிப் பாருங்க.

4/ இப்ப மெடிக்கல் விஷயம். கொதிக்கிற கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வர்ற தோசையில கிருமி பிழைக்கிறது கஷ்டம். ஆபத்து இருக்கிறது தட்டை முக்கி எடுக்குற பக்கெட்ல, சட்னியில ஊத்துற தண்ணியில, காசு வாங்கின கையில. டைபாய்டு, ஷிகெல்லா, ஹெபடைட்டிஸ் ஏ எல்லாமே மலம் கலந்த தண்ணி, கழுவாத கை வழியா வர்றதுதான். அதாவது பிரச்சனை சமையல்ல இல்ல, தண்ணியில.

5/ "அதுக்குத்தான் நாங்க ஏசி ரெஸ்டாரண்ட் போறோம்" அப்படிங்கறவங்களுக்கு: வடிச்ச சோறு மணிக்கணக்கா வெளியில கிடந்தா பேசில்லஸ் செரியஸ் அதுல நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கிற அந்த நச்சு, மறுபடி ஃப்ரைட் ரைஸா வறுத்தாலும் அழியாது. 5 டிகிரிக்குக் கீழ வைக்கணும், இல்ல 60-க்கு மேல வைக்கணும். வாசல்ல இருக்கிற ஏசி கிச்சனுக்குள்ள இதைச் செய்யாது. 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு தமிழ்நாடு அரசு ஒரு வருஷம் தடை போட்டுச்சே, அது தள்ளுவண்டிக்கு மட்டும் போட்ட தடையா என்ன?

6/ "அவங்களே தண்ணி கேன் வாங்கிக்க வேண்டியதுதானே?" கணக்குப் போடுவோம். ஒரு ராத்திரிக்கு 200 பேர். தட்டு கழுவ, கை கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர்னு வெச்சா 200 லிட்டர். 20 லிட்டர் கேன் பத்து! அதைத் தள்ளுவண்டியில எங்க வைக்கிறது? கழுவின தண்ணியை எங்க ஊத்துறது?

7/ சட்டம் இல்லாம இல்ல. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-லயே வந்தாச்சு. கணக்கெடுக்கணும், விற்பனைக்கு இடம் ஒதுக்கணும், விற்பனைக் குழுவுல 40 சதவீதம் வியாபாரிகளே இருக்கணும். 2023-ல நாடு முழுக்க 100 உணவுத் தெரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடின்னு மத்திய அரசு அறிவிச்சுது. பேப்பர்ல எல்லாம் இருக்கு. நம்ம தெருவுல கண்ணுல படுறது வண்டியைத் தூக்கிட்டுப் போற லாரிதான்.

8/ அப்போ கடைக்காரருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கு. எண்ணெயில மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கு. கறுத்த எண்ணெயில வடை போட்டா கேஸ் போடுங்க. குழாய் கொடுத்த பிறகும் கை கழுவலைன்னா ஃபைன் போடுங்க. ஆனா முதல்ல குழாய், அப்புறம் ஃபைன். வரிசையை மாத்தாதீங்க.

9/ 1854-ல லண்டன்ல காலரா. ஜான் ஸ்னோ என்ன பண்ணார்? "சுத்தமா இருக்கத் தெரியாத ஜனங்க"ன்னு திட்டிட்டுப் போகல. யார் எந்தப் பம்புல தண்ணி எடுத்தாங்கன்னு வீடு வீடா விசாரிச்சு, பிராட் தெரு பம்போட கைப்பிடியைக் கழட்ட வெச்சார். எம்பிபிஎஸ்ல நாம எல்லாரும் படிச்சதுதான். பரீட்சை முடிஞ்சதும் மறந்தாச்சு போல.

10/ அரசு ஆஸ்பத்திரி வார்டுல வயித்துப்போக்கோட டிரிப்ஸ் ஏத்திட்டுப் படுத்திருக்கிறது யாருன்னு பாருங்க. லோடுமேன் அண்ணன், டெலிவரி தம்பி, நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி ஐயா. "வெளியில சாப்பிடாதீங்க"ன்னு டிஸ்சார்ஜ் அப்போ சொல்லி அனுப்புறோம். ராத்திரி 11 மணிக்கு அவர் வேற எங்க போய் சாப்பிடுவார்? மூணு நாள் படுத்தா மூணு நாள் கூலி போச்சு. அந்த அட்வைஸால அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல.

11/ திருவிழாவுக்குப் போங்க, வயிறாரச் சாப்பிடுங்க, போட்டோ போடுங்க. கூடவே ஒரு வேலை. சென்னையில 200 வார்டு. உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "நம்ம ஏரியா சாப்பாட்டுக் கடைங்க இருக்கிற தெருவுக்குக் குடிதண்ணிக் குழாய், கை கழுவுற இடம், கழிவுநீர் போக வழி எப்ப வரும்?" என்ன பதில் வந்துச்சுன்னு கீழே எழுதுங்க. எல்லாத்தையும் ஷேர் பண்றேன்.