வாயும் வாத்தியம்தான்!



நம் ஆரணியில் தறிச் சத்தம் கேட்காத தெரு உண்டா? எங்கள் தெருவில் அதோடு நாயனச் சத்தமும் சேர்ந்து கேட்கும். என் தாய்மாமன் நாதஸ்வரக் கலைஞர். லீவு நாட்களில் நானும் அவரோடு இரண்டாவது நாயனமாகப் போவதுண்டு. (நீங்கள் கேலி செய்வது எனக்குத் தெரியும்!)

போன தை மாதம் ஒரு கல்யாணம். விடியற்காலையில் பெண் வீட்டார் அன்போடு கேசரியும் போண்டாவும் கொடுத்தார்கள். நல்ல பசி, வெளுத்துக் கட்டினேன். வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. அதற்குள் "கெட்டிமேளம்... கெட்டிமேளம்!" ஊதினேன். காற்றுதான் சீறியது, நாதம் வரலை! சீவாளிக்குள் போண்டாத் துணுக்கு. மாமா ஒருத்தரே சமாளித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "டேய், கோயிலுக்குள்ள போறப்ப காலைக் கழுவுறியே, நாயனத்தைத் தொடுறப்ப வாயைக் கழுவ வேணாமா?"

லேத்தைத் துடைக்காமல் விட்டால் ஒர்க்‌ஷாப்பில் நமக்குத் திட்டு விழும். சீவாளியும் அப்படித்தான். நாணல் தட்டையில் செய்த மெல்லிய இதழ்கள், நடுவே சின்னச் சந்து. இதழ் அதிர்ந்தால்தான் ஓசை. அதை எச்சிலில் நனைத்துத்தான் ஊதுகிறோம். அந்த எச்சிலில் எண்ணெயும் சர்க்கரையும் இருந்தால்? இதழில் படியும், ஒட்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணமும் பிடிக்கும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் அவ்வளவு பாடுபட்டுக் கடைந்ததை ஒரு போண்டா ஊமையாக்கலாமா?

இன்னொன்று, சொல்லவே மனசு கஷ்டமாயிருக்கிறது. இரவெல்லாம் கண் விழிக்கிற தொழில் என்பதால் வெற்றிலை, பாக்கு, புகையிலை பழகிவிடுகிறது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கினால் வாயின் உட்புறம் இறுகிப் போவதும் உண்டு. மாமாவோடு வாசித்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. உறையில் போட்ட நாயனத்தை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. மாமா அன்றைக்கு விட்டதுதான் வெற்றிலை.

கலைஞர்களை மட்டும் குறை சொல்லலாமா? முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இலை போடுவதும், இல்லையென்றால் கடைசிப் பந்திவரை பட்டினி போடுவதும் யார் தப்பு? மூச்சு அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும். வயிறு முட்டினாலும் எழாது, காய்ந்தாலும் எழாது. ஒரு மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, கொப்பளிக்க ஒரு செம்பு வெந்நீர். இவ்வளவுதான் கேட்கிறேன்.

நாளைக்கு நம் வீட்டிலும் கல்யாணம் வரும். பட்டுச் சேலைக்கு ஆயிரம் ஆயிரமாய்ச் செலவழிப்போம். நாயனக்காரருக்கு அந்த ஒரு செம்பு தண்ணீரை, கேட்காமலே, நாமே கொண்டுபோய்க் கொடுப்போமா?