ஹாஃப்கின் விட்டுச்சென்ற இரண்டு பாடங்கள்

ஒரு விஞ்ஞானியின் ஆய்வு எத்தகைய தாக்கத்தை உண்டாக்கியது என்பதை அறிய இன்று எளிய வழி ஒன்று இருக்கிறது. அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவது. ஆனால் நோய்த்தடுப்பு ஆய்வாளர் ஒருவரை இந்தத் தராசில் வைக்கும்போது முக்கியமான ஏதோ விடுபட்டுப் போகிறது. அவருடைய வெற்றி நிகழாமல் போன மரணங்களில் இருக்கிறது. வராத நோயிலிருந்து தான் தப்பியதை அறியாதவர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. தடுப்பூசியால் நேர்ந்த கேடோ தலைமுறைகளுக்கும் நினைவில் நிற்கும். வால்டெமார் ஹாஃப்கினின் வாழ்க்கையை இந்த முரணின் வழியாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹாஃப்கின் 1860இல் ஒடெஸாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தில் காலராவுக்குத் தடுப்பூசி உருவாக்கி, 1892 ஜூலையில் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலர்களும் இருந்தனர். இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றிலிருந்து ஆலம் விழுதுபோலக் கிருமிகளைக் கீழ்நோக்கி வளரச் செய்தார். பின்னர் அவற்றை வெப்பத்தால் கொன்று தடுப்பூசியாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று, முன்போலவே, முதல் ஊசி அவருக்குத்தான்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தத் துணிச்சலையே வியக்கிறார்கள். ஆனால் தன் உடலில் செய்த சோதனையால் மருந்து கொல்லாது என்பது மட்டுமே தெரியும். காக்குமா என்பது தெரியாது. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேட அவர் கையாண்ட முறையே அவருடைய உண்மையான கொடை. 1894இல் கல்கத்தாவின் சேரிகளில், ஒரே குளத்து நீரை அருந்தி ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுள் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் தனித்தனியே கணக்கிட்டார். 1897 ஜனவரி இறுதியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தபோதும் அதையே செய்தார். கைதிகள் தாமாக முன்வந்தார்கள் என்கிறது வரலாறு. சிறைக்குள் 'தாமாக' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்று இன்று நாம் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே சொல்லலாம்: ஒத்த சூழலில் உள்ள இரு குழுக்களை ஒப்பிடுவதுதான் இன்றைய தடுப்பூசி ஆய்வின் முதுகெலும்பு. குலுக்கல் முறையில் பிரிப்பதும் போலி ஊசியும் பின்னால் வந்த செம்மைகள்.

இரண்டாவது பாடத்தை அவர் விரும்பிக் கற்பிக்கவில்லை. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். பத்தொன்பது பேருக்கும் மருந்து வந்தது ஒரே புட்டியிலிருந்து. அரசின் விசாரணைக் குழு பம்பாய் ஆய்வகத்திலேயே அந்தப் புட்டி மாசுபட்டது என முடிவுசெய்தது. ஹாஃப்கின் பதவியிழந்தார். ஆனால் அந்தப் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாததும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன. 1907இல் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் லண்டன் 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதிய பிறகே அவர்மீதான பழி நீங்கியது. கல்கத்தாவில் மீண்டும் பணி கிடைத்தது. பழைய வேகம் திரும்பவில்லை. 1914இல் ஓய்வு பெற்றவர் 1930இல் லோசானில் மறைந்தார்.

இதை ஒரு தனிமனிதருக்கு நேர்ந்த அநீதியாக மட்டும் பார்ப்பது போதாது. பிளேக்கின் பெயரால் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்ட அரசின்மீது மக்களுக்கு ஏற்கெனவே கடுங்கோபம் இருந்தது. புனேயின் பிளேக் அதிகாரி ரேண்ட் 1897இல் சுடப்பட்டதே அதற்குச் சான்று. அத்தகைய சூழலில் முல்கோவால் மரணங்களை வெளிப்படையாக ஆராய்ந்து, தவறு எங்கே நேர்ந்தது என்பதை மக்களிடம் உடனே சொல்லியிருந்தால் தடுப்பூசியின்மேல் எஞ்சிய நம்பிக்கையைக் காத்திருக்கலாம். அரசு ஒரு பலியாளைத் தேடியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பஞ்சாபில் பிளேக்குக்கு இலட்சக்கணக்கானோர் பலியாயினர். அவர்களுள் எத்தனை பேரை ஊசி காத்திருக்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது. ஆனால் ஊசிக்குக் கை நீட்டத் தயங்கியவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பத்தொன்பது சாவுகளுக்கு அவர்களுக்கு யாரும் நேரான விளக்கம் தரவில்லை.

பரேலில் அவர் நிறுவிய ஆய்வகம் 1925 முதல் ஹாஃப்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. அவருடைய இரண்டு தடுப்பூசிகளும் காலாவதியாகிவிட்டன. ஒப்பிட்டு அறியும் முறையை அறிவியல் உலகம் முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. பக்கவிளைவைப் பற்றிய கேள்வியையே எதிர்ப்பாகக் கருதும் அதிகாரமும், ஒரு விபத்தைக் காட்டி எல்லா ஊசியையும் மறுக்கும் கூச்சலும் கோவிட் காலத்திலும் நம்மிடையே இருந்தன. முல்கோவால் சொல்லும் பாடத்தை நாம் இன்னும் கற்றதாகத் தெரியவில்லை.