பிள்ளைகளின் நடைக்கு இசைந்த பாடம்



நானூறு பேரோடு எதிர்கொண்டுவந்த ஏசா, சேர்ந்து பயணப்படுவோம் என்று அழைத்தபோது, யாக்கோபு இணங்கவில்லை. இளம்பிள்ளைகளும் மந்தையின் குட்டிகளும் அந்த வேகத்தைத் தாங்கமாட்டா என்று அறிந்து, தமையனை முன்னே போகச் சொன்னான் (ஆதியாகமம் 33). பாடம் நடத்துகிற எவரும் கற்கவேண்டிய காரியம் இது. நானோ அதைத் தாமதமாய்க் கற்றேன்.

மும்பையில் எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒருநாள், 11 வயதுச் சிறுவன் ஒருவனை எழுப்பி வேதபகுதியை வாசிக்கச் சொன்னேன். அவன் இந்தி வழியில் படிக்கிறவன். தமிழ் பேசுவான், எழுத்து அறியான். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஐந்து ஞாயிறும் அவன் வரவில்லை. "வயிற்றுவலி என்கிறான், ஐயா" என்றார் தாயார். அந்த வலிக்குக் காரணம் நானே.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், மும்பை, வதோதரா நகரப் பள்ளிகளில் 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கியவர்களில் 15 முதல் 20 பேரை நாள்தோறும் ஏறக்குறைய 2 மணி நேரம் தனியே அமர்த்தி, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பித்தது. கற்பித்தவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் அல்லர். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்கள். பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2001 முதல் 2003 வரை இதை ஆராய்ந்தார்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே அதிகப் பயன் அடைந்தார்கள் என்று கண்டார்கள். வகுப்பு எங்கே இருக்கிறது என்று பாராமல், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்ததே அதன் இரகசியம்.

நம் வகுப்பிலும் இது கூடும். முதலாவது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி இவற்றில் எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். பின்பு கதையை எல்லாருக்கும் ஒன்றாகவே சொல்லுங்கள். ஐந்து அப்பம், இரண்டு மீன் என்றால், எழுத்து அறியாதவர்கள் படம் வரைந்து, அதன் கீழ் 'மீன்', 'அப்பம்' என்று எழுதிப் பழகட்டும். சொல் அறிந்தவர்கள் கலைத்து வைத்த வாக்கியங்களை ஒழுங்காய் அடுக்கட்டும். நன்றாய் வாசிப்பவர்கள் வேதபகுதியை வாசித்து, மற்றவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் ஆயத்தம் செய்யட்டும். முடிவில் எல்லாரும் கூடி அமர்ந்து பேசட்டும். பதில் இந்தியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் எச்சரிக்கையாயிருங்கள். எந்தக் குழுவுக்கும் 'மந்தம்' என்ற பெயர் ஒட்டிவிடக் கூடாது. மாதந்தோறும் மறுபடியும் வாசிக்கச் செய்து, தேறினவர்களை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். 11 வயதுப் பிள்ளையை 6 வயதினரோடு வாரமெல்லாம் அமர்த்தாதிருங்கள். 20 நிமிடப் பயிற்சிக்கு மாத்திரம் பிரியுங்கள்.

ஆறாம் வாரம் அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போய், அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு வந்தான். கதையை அவனே இந்தியில் சொன்னான், ஒருவரும் சிரிக்கவில்லை. தமிழ் எழுத்துகளை அதன்பின் ஒவ்வொன்றாய்க் கற்றான்.

பிரியமானவர்களே, உங்கள் வகுப்பில் சில வாரங்களாய் வராத பிள்ளை யார்? இந்த வாரமே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.