ஓடம் உடைந்தது, மாட்டுக்குப் பணம் வந்தது!

வானத்தில் விண்வெளி ஓடம் உடைந்தது. பூமியில் மாடு வளர்ப்போருக்குப் பணம் கிடைத்தது. அதுவும் வறட்சிக்காக ஆரம்பித்த திட்டத்தின் பணம்! கதை அல்ல. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது.

2002-ம் ஆண்டு அமெரிக்காவில் கடும் வறட்சி. கொலராடோ, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் புல் கருகியது. தீவனம் வாங்க வழியில்லாமல் மாடுகளை விற்றவர்கள் பலர். அவர்களைக் கைதூக்கிவிட சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. கறிமாடு ஒன்றுக்கு 18 டாலர். கறவை மாட்டுக்கு 31 டாலர் 50 சென்ட். மாட்டை எண்ணு, பணத்தைக் கொடு. அவ்வளவுதான்!

நல்ல காரியம்தான். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கோளாறு.

கவுண்டி

அமெரிக்க மாநிலங்கள் "கவுண்டி" என்ற பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் ஊர் தாலுகா, ஜில்லா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள்! ஒரு கவுண்டி "பேரிடர் பகுதி" என்று அறிவிக்கப்பட்டால், அங்கே மாடு வைத்திருப்பவர் பணம் கேட்கலாம். தனக்கு நஷ்டம் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

2003 பிப்ரவரி 1-ந் தேதி "கொலம்பியா" ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. அரியானாவில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் மாண்டார்கள். துண்டுகள் கிழக்கு டெக்சாஸில் விழுந்தன. ஜனாதிபதி புஷ் அவசர நிலை அறிவித்தார். துண்டுகளைத் தேடி எடுக்கவும், மக்களைக் காக்கவும் செய்த அறிவிப்பு அது.

அதே மாதம் அமெரிக்கப் பாராளுமன்றம் மாட்டுத் திட்டத்தை நீட்டியது. வறட்சிதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. பேரிடர் என்ற பெயர் இருந்தால் போதும். ஓடம் விழுந்த பகுதியும் பட்டியலில் ஏறியது! புல் காயாத பண்ணைக்கும் "செக்" வந்தது.

2006 ஜூலையில் "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை கணக்கைப் புரட்டிப் பார்த்தது. இரண்டு ஆண்டுச் செலவு 120 கோடி டாலர். அதில் 63 கோடியே 50 லட்சம் டாலர், வறட்சி இல்லாத அல்லது மிதமாக இருந்த இடங்களுக்குப் போயிருந்தது. பாதிக்கு மேல்!

வாங்கியவர்களைத் திட்டிப் பயனில்லை. சட்டம் கொடுத்தது, வாங்கினார்கள். ஆனால் புல் கருகிப் போன கொலராடோக்காரருக்கும் அதே 18 டாலர்தானே? அடுத்த மழை வரை ஒரு மாட்டுக்குத் தீவனம் போட அது எந்த மூலைக்கு? வீணாகப் போன பணம் அவர் பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்திருக்கும்.

பண்ணை பண்ணையாகப் போய் நஷ்டத்தைப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். மாடு அதுவரை பட்டினி கிடக்குமா? இங்கேதான் சிக்கல்.

புது ஏற்பாடு

2008-ல் வந்த சட்டம் வேறு வழி கண்டது. வாரந்தோறும் வியாழக்கிழமை வறட்சி வரைபடம் வெளியாகிறது. அதில் ஒரு கவுண்டி 8 வாரம் தொடர்ந்து "கடும் வறட்சி" நிறத்தில் இருந்தால் பணம் என்றது சட்டம். தொகையும், மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. ஓடம் விழுந்தால் பணம் இல்லை.

இருந்தாலும் கவுண்டிக் கோடு அழியவில்லை. கவுண்டியின் ஒரு மூலையில் அந்த நிறம் விழுந்தாலும், முழுக் கவுண்டிக்கும் உதவி உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம், வேலியை ஒட்டி இருக்கும் பண்ணையில் புல் காய்ந்தாலும், அவருடைய கவுண்டிக்கு நிறம் மாறும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.